ஹைஸ்கூல் ரெஃப்ரீ வேலை: ஒரு மாலைக்கு என்ன மிஞ்சும், எவ்வளவு கேட்பது நியாயம்?

டல்லாஸ்காரன்:

வணக்கம் மக்களே. மகள் இங்கே வடக்கு டல்லாஸ் பக்கம் ஒரு ஹைஸ்கூலில் ஜேவி, அதாவது பள்ளியின் இரண்டாம் நிலை அணியில், வாலிபால் ஆடுகிறாள். இந்த சீசன் முழுக்க நடுவர் பஞ்சம். இரண்டு பேர் நிற்க வேண்டிய மேட்சை ஒருவரை வைத்தே ஓட்டுகிறார்கள், அவரும் பக்கத்துப் பள்ளியில் ஒரு மேட்ச் முடித்துவிட்டு மூச்சிரைக்க ஓடி வருகிறார். ஒரு நாள் அவரும் வரவில்லை. பிள்ளைகள் வார்ம்-அப் எல்லாம் முடித்துவிட்டு, வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்து, பஸ் ஏறித் திரும்பிவிட்டார்கள்.

போன வாரம் அத்லெடிக் டைரக்டரிடமிருந்து எல்லாப் பெற்றோருக்கும் மெயில். உங்களில் யாராவது நடுவராக வர முடியுமா, பயிற்சிக்கு நாங்கள் வழி செய்கிறோம் என்று. ஊரில் காலேஜ் டீமில் ஆடியவன் நான், ஆசை வந்துவிட்டது. கிரீன் கார்டு இருக்கிறது, வேலையும் வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்துதான். மனைவி மட்டும் "வீட்டில் கத்துவது போதாதென்று அங்கே போய் விசிலும் ஊதப் போகிறீர்களா" என்கிறாள்.

கேட்க வந்தது இரண்டு விஷயம். ஒன்று, இதில் கைக்கு உண்மையில் என்ன வரும்? மேட்சுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொல்கிறார்கள், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பெட்ரோல், வரி, போகிற நேரம் எல்லாம் போனால் என்ன நிற்கும் என்று யாரும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். இரண்டாவது, அடுத்த மாதம் பூஸ்டர் கிளப் (பள்ளி விளையாட்டுக்குப் பணம் திரட்டும் பெற்றோர் குழு) கூட்டத்தில் இதைப் பேசப் போகிறார்கள். "ஃபீஸை ஏற்றுங்கள்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார எனக்கு விருப்பமில்லை, உருப்படியாக ஏதாவது கேட்க வேண்டும். அப்புறம், நண்பன் ஒருவன் எச்-1பி விசாவில் இருக்கிறான், அவனும் சேரலாமா என்கிறான்.

விசில்காரன்:

ஹூஸ்டன் பக்கம் பல வருஷமாக வாலிபால், குளிர்காலத்தில் பாஸ்கெட்பால் இரண்டும் ஊதுகிறேன். வாருங்கள், ஆனால் கண்ணைத் திறந்துகொண்டு வாருங்கள்.

முதலில் நடைமுறை. உங்கள் பகுதி நடுவர் சங்கக் கிளையில் சேர வேண்டும். வாலிபாலுக்குக் கோடையிலேயே கூட்டங்கள் ஆரம்பித்துவிடும், விதிமுறைத் தேர்வு, பின்னணிச் சரிபார்ப்பு, ஸ்க்ரிம்மேஜ் என்கிற ஒத்திகை மேட்சுகளில் பயிற்சி, அப்புறம்தான் உங்கள் பெயரை மேட்சுக்குப் போடுவார்கள். மேட்ச் ஒதுக்குவது பெரும்பாலும் ஆர்பிட்டர் ஸ்போர்ட்ஸ் தளத்தில். எந்த நாளில் வர முடியும் என்று நீங்கள் குறித்து வைத்தால், மேட்ச் ஒதுக்கும் அசைனர் அதைப் பார்த்துப் போடுவார். பதிவுக் கட்டணம், யூனிஃபார்ம், ஷூ எல்லாம் உங்கள் காசு. அதாவது ஒரு விசில் ஊதும் முன்பே சில நூறு டாலர் வெளியே போய்விடும். புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர் தயங்குவது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன், ஆனால் ஆள் சேர்க்கிற மெயிலில் இதை யாரும் எழுதுவதில்லை.

இனி கணக்கு. உங்கள் பள்ளி மாவட்டத்தில் என்ன கொடுக்கிறார்கள் என்று தெரியாது, ஒரு பேச்சுக்கு ஒரு மாலைக்கு இரண்டு மூன்று மேட்ச் சேர்த்து 120 டாலர் என்று வையுங்கள். 4 மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, 9 மணிக்குத் திரும்பி வருகிறீர்கள். ஐந்து மணி நேரம், ஆக மணிக்கு 24 டாலர், நல்லாத்தானே இருக்கு? போய்வர 40 மைல். 2025-க்கு ஐஆர்எஸ், அதாவது வரித்துறை, கார் செலவாகச் சொன்ன விகிதம் மைலுக்கு 70 சென்ட், அதன்படி காருக்கு 28 டாலர். நீங்கள் பள்ளியின் ஊழியர் கிடையாது, சுயதொழில் செய்கிறவர், அதனால் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரிகளில் முதலாளி பங்கு, ஊழியர் பங்கு இரண்டையும் நீங்களே கட்ட வேண்டும், 15.3 சதவீதம். அது ஒரு 17 டாலர். ஐடி வேலையில் 22 சதவீத வரம்பில் இருக்கிறவர் என்றால் வருமான வரி இன்னொரு 24 சொச்சம். டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது, அந்த மட்டும் தப்பித்தோம். மிஞ்சுவது 50 டாலர், மணிக்கு 10. வரிக் கணக்கில் மைலேஜைக் கழித்துக் காட்ட உங்களுக்கு வழி இருந்தால் 12 வரலாம், அதை வரி பார்க்கிறவரிடம் கேளுங்கள். பக்கீஸ் பெட்ரோல் பங்க் வாசலில் சம்பளப் பலகை வைத்திருக்கிறார்களே, அதில் ஆரம்பச் சம்பளமே இதைவிட அதிகம், அங்கே யாரும் உங்களைப் பார்த்துக் "கண் தெரியுதா" என்று கத்துவதும் இல்லை.

அதனால் கூட்டத்தில் தொகையைப் பற்றிப் பேசும் முன், எதற்குக் காசு என்பதைப் பேசுங்கள். மேட்சுக்கு இவ்வளவு என்று கணக்குப் போடும்வரை, 45 நிமிஷத்தில் முடியும் ஒரு ஜேவி மேட்சுக்காக நான் டிராஃபிக்கில் நின்ற ஒன்றரை மணி நேரம் யார் கணக்கிலும் வராது. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து திரும்பும் வரை எவ்வளவு நேரம் என்று பார்த்து, ஒரு மாலைக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு என்று வைக்கச் சொல்லுங்கள். பயணப்படி தனி. சில இடங்களில் கொடுக்கிறார்கள், சில இடங்களில் பக்கத்து ஊர் என்று சொல்லி ஏமாற்றுவார்கள். வந்து சேர்ந்த பிறகு மேட்ச் ரத்தானால் அதற்கும் ஒரு தொகை. பணம் வரும் நாளும் முக்கியம். ஆர்பிட்டர்பே வழியாக ஒரு வாரத்தில் போடுகிற பள்ளிகளுக்கு நாங்கள் விரும்பிப் போகிறோம், செப்டம்பர் மேட்சுக்கு நவம்பரில் செக் அனுப்புகிறவர்கள் பெயரைப் பார்த்தாலே அந்த நாளை பிளாக் பண்ணிவிடுவோம். ஒரு காசு கூடுதல் செலவில்லாமல் பள்ளி நாளைக்கே சரி செய்யக்கூடிய விஷயம் இது.

ராலே அக்கா:

தம்பி, விசில்காரன் சொன்ன கணக்கு சரிதான், ஆனால் காசை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும்.

என் மகன் யூத் சாக்கரில் ரெஃப்ரீயாக ஆரம்பித்தான், சிறு பிள்ளைகள் மேட்ச். பதினைந்து வயசுப் பையனை நாற்பத்தைந்து வயசு ஆள் கோட்டுக்கு வெளியே நின்று திட்டுகிறார், ஆஃப்சைடு கொடுக்கவில்லையாம். ஆடுகிற பிள்ளைகளுக்கு எட்டு வயசு! இதில் நம் ஆட்களும் உண்டு, மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க்கில் காபி சகிதம் வந்து உட்கார்ந்து, பையன் கோல் போடாத கோபத்தை எல்லாம் ரெஃப்ரீ மேல் காட்டுகிற அப்பாக்களை இங்கே நானே பார்த்திருக்கிறேன். தமிழில் திட்டினால் புரியாது என்று நினைப்பு வேறு. என் மகனுக்குப் புரிந்தது.

மாநில ஹைஸ்கூல் சங்கங்களின் தேசியக் கூட்டமைப்பு, அதாவது என்எஃப்எச்எஸ், 2019-லேயே சொன்னது: இளம் நடுவர்களில் 80 சதவீதம் பேர் இரண்டே வருஷத்தில் விட்டுவிடுகிறார்கள், விடுகிறவர்களில் முக்கால்வாசிக்கு மேல் பெரியவர்களின் நடத்தையைத்தான் முதல் காரணமாகச் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு கோவிட். 2018-19 சீசனோடு ஒப்பிட்டு நாடு முழுக்க சுமார் 50,000 பேர் போய்விட்டார்கள் என்று அதே அமைப்பு சொன்னது. அப்போதுதான் பல ஊர்களில் வெள்ளிக்கிழமை ராத்திரி நடக்கும் அமெரிக்க ஃபுட்பாலையே வியாழனுக்கும் சனிக்கும் மாற்றினார்கள், ஒரே குழுவை இரண்டு மேட்சுக்குப் பயன்படுத்த. வெள்ளிக்கிழமை ஃபுட்பால் இந்த ஊர்க்காரர்களுக்கு எப்படி என்று உங்களுக்கே தெரியும், அதில் கை வைக்கிறார்கள் என்றால் நிலைமை எவ்வளவு முற்றியிருக்க வேண்டும்.

என் கோரிக்கை ஒன்றே ஒன்று. வார்சிட்டி, அதாவது பள்ளியின் முதல் அணி ஆடும் மேட்சுக்குப் போலீஸ் நிற்கிறார், நிர்வாகி நிற்கிறார். ஜேவி, ஒன்பதாம் வகுப்பு ஃப்ரெஷ்மன் மேட்சுக்கு யாரும் இல்லை, கோச் இரண்டு பேர், ரெஃப்ரீ, கூட்டம், அவ்வளவுதான். ஆனால் புது நடுவரை முதலில் போடுவது அங்கேதான். அனுபவம் இல்லாதவரைக் கொண்டுபோய்ப் பாதுகாப்பே இல்லாத இடத்தில் நிறுத்திவிட்டு, ஏன் ஓடிப்போகிறார்கள் என்று மெயில் அனுப்புகிறார்கள். இந்த மாதிரி ஒவ்வொரு கீழ்நிலை (சப்-வார்சிட்டி) மேட்சுக்கும் பள்ளி தரப்பில் பொறுப்பான ஒருவர் நிற்க வேண்டும், கத்துகிறவரை வெளியே அனுப்புவது அவர் வேலை, நடுவர் வேலை இல்லை. பூஸ்டர் கிளப்பில் முதலில் இதைக் கேளுங்கள்.

இன்னொன்று. ஆள் தேடும்போது அப்பாக்களைத்தான் பார்க்கிறார்கள். வாலிபால் ஆடுவது பெரும்பாலும் பெண் பிள்ளைகள், அம்மாக்களில் பள்ளி, காலேஜில் ஆடியவர்கள் எத்தனை பேர்? தொழில்முறை ஃபுட்பால் லீகான என்எஃப்எல்-இல் 2015-ல் முதல் முழுநேரப் பெண் நடுவராகச் சேர்ந்து 2021-ல் அதன் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலிலும் நின்ற சாரா தாமஸ், ஆரம்பித்தது மிசிசிப்பி பள்ளி ஃபுட்பாலில். யாரோ ஒருவர் உள்ளே விட்டதால்தான் நடந்தது.

கணக்குப்பிள்ளை:

எச்-1பி நண்பர் கேள்விக்கு மட்டும். வேண்டாம். ஸ்பான்சர் செய்த கம்பெனியைத் தவிர வேறு யாரிடமும் காசு வாங்கும் வேலை செய்யக் கூடாது, அது வாரம் ஒரு மாலையாக இருந்தாலும் சரி, 40 டாலராக இருந்தாலும் சரி. "காசு வாங்காமல் சும்மா ஊதுகிறேன்" என்பதும் தப்பிக்கும் வழி இல்லை, மற்றவர்கள் சம்பளத்துக்குச் செய்யும் வேலையை இலவசமாகச் செய்வதும் சிக்கல்தான். கிரீன் கார்டு நேர்காணலில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். எச்-4 (எச்-1பி-காரரின் குடும்பத்துக்கான விசா) ஈஏடி, அதாவது வேலை அனுமதி அட்டை, இருக்கிற மனைவியோ கணவரோ தாராளமாகச் செய்யலாம், கிரீன் கார்டு மனு நிலுவையில் வந்த ஈஏடி இருந்தாலும் சரி. எஃப்-1 மாணவர்களும், எச்-4-ல் இருக்கும் பதின்ம வயதுப் பிள்ளைகளும் கூடாது. ராலே அக்கா, உங்கள் மகனோடு சேர்ந்து வருகிற பிள்ளைகள் யாராவது எச்-4 என்றால் பெற்றோரிடம் சொல்லி வையுங்கள், சாக்கர் கிளப்புகள் இதைக் கேட்பதே இல்லை.

டல்லாஸ்காரனுக்கு: பணம் கொடுத்ததைக் காட்டும் 1099 படிவம் வராவிட்டால் வருமானமே இல்லை என்று நினைக்காதீர்கள். செலவு போக நிகரம் வருஷத்துக்கு 400 டாலரைத் தாண்டினால் சுயதொழில் வரி உண்டு. யூனிஃபார்ம், சங்கக் கட்டணம், விசில் எல்லாவற்றுக்கும் ரசீது வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டேடியம் பார்த்தவன்:

எனக்கு ஒன்று புரியவில்லை. இதே டல்லாஸ் வடக்கில் ஆலனில் 2012-ல் 60 மில்லியன் டாலருக்கு ஹைஸ்கூல் ஃபுட்பால் ஸ்டேடியம் கட்டினார்கள், 18,000 பேர் உட்காரலாம். திறந்த கொஞ்ச நாளிலேயே கான்கிரீட்டில் விரிசல், 2014-ல் மூடி அப்புறம் திறந்தார்கள். 2018-ல் பக்கத்து மெக்கின்னியிலும் சுமார் 70 மில்லியனில் ஒன்று. இவ்வளவு காசு இருக்கிற இடத்தில் நடுவருக்கு மாலைக்கு 30 டாலர் கூட்டிக் கொடுக்க வழி இல்லையா? சும்மா கதை விடுகிறார்கள்.

விசில்காரன்:

கோபம் நியாயம், ஆனால் அந்தக் காசு வேறு பெட்டி. ஸ்டேடியம் கட்டியது பத்திரக் கடனில், அதற்கு ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதி கொடுத்தது. அந்தப் பணத்தில் கட்டடம் கட்டலாம், இடம் வாங்கலாம், பஸ் வாங்கலாம், நடுவருக்கு ஃபீஸ் கொடுக்க முடியாது. ஃபீஸ் வருவது வருஷாந்திரச் செலவுக் கணக்கில், ஆசிரியர் சம்பளம் வருகிற அதே பெட்டி. அதில் கூட்டிக் கேட்டால் உடனே "அப்போ எதைக் குறைப்பது" என்பார்கள்.

ஆனால் பதிலும் அங்கேயே இருக்கிறது. ஃபுட்பாலில் டிக்கெட் வசூல் வரும், வாலிபால் ஜேவியில் வராது, அதனால் விளையாட்டுக்கு விளையாட்டு தனித்தனியாகப் பார்த்தால் சின்ன விளையாட்டு எப்போதும் ஏழைதான். அத்லெடிக்ஸ் முழுவதையும் ஒரே கணக்காகப் பார்க்கச் சொல்லிக் கேட்கலாம். பூஸ்டர் கிளப்பும் ஒன்று செய்யலாம்: ஸ்கோர்போர்டில் விளம்பரம் விற்கிற காசில் ஒரு சின்னப் பங்கை எடுத்து, அந்த வருஷம் புதிதாகச் சேருகிற நடுவர்களின் பதிவுக் கட்டணத்தையும் யூனிஃபார்மையும் பார்த்துக்கொள்வது. பள்ளி வழியாக இல்லாமல் நடுவர் சங்கக் கிளை வழியாகக் கொடுங்கள். நாளைக்கு அவர் உங்கள் பள்ளி மேட்சில் நிற்கும்போது எதிரணி அப்பா ஒருவர் "இவருக்குச் சட்டையே அவங்கதான் வாங்கிக் கொடுத்தாங்க" என்று எழுந்து நிற்கக் கூடாது பாருங்கள்.

மதுரைப்பொண்ணு:

நம்ம ஊரில் இந்தப் பிரச்சினையே இல்லையே என்று யோசித்தேன். குறுவட்டப் போட்டி, மாவட்டப் போட்டி எல்லாவற்றிலும் பக்கத்துப் பள்ளி பி.இ.டி. சார்தான் நடுவர், ஆன் டியூட்டி (ஓ.டி.) போட்டுக்கொண்டு வருவார், பள்ளி நேரத்திலேயே நடக்கும். அவர் முறைத்தாலே மைதானம் அமைதியாகிவிடும், யார் வீட்டு அப்பா வந்து கத்துவார்? இங்கே ஏன் ஆசிரியர்களையே போடுவதில்லை?

விசில்காரன்:

ஏனென்றால் அவர்கள்தான் கோச். பள்ளி விட்டதும் அதே நேரத்தில் அவர்களுக்கு பிராக்டிஸ் இருக்கும், இல்லை அவர்கள் டீமே எங்கேயோ ஆடிக்கொண்டிருக்கும். மேட்ச் எல்லாம் மாலை 4:30, 5 மணிக்கு என்பதுதான் இங்கே பெரிய தடை, ஆபீஸ் வேலைக்காரர் எப்படி வருவார்? அதனால்தான் நடுவர்களில் ரிட்டையர் ஆனவர்கள் இவ்வளவு பேர். வீட்டிலிருந்து வேலை செய்கிற நம் ஐடி ஆட்கள் இதற்குப் பொருத்தமானவர்கள், ஆனால் அவர்களை யாரும் தேடிப் போகவில்லை.

மிச்சிகனில் ஒரு நல்ல ஏற்பாடு உண்டு, லெகசி என்று பெயர். பதினொன்றாவது, பன்னிரண்டாவது படிக்கும் மாணவர்களை ஒரு மூத்த நடுவரோடு சேர்த்துவிட்டுக் கீழ்வகுப்பு மேட்சுகளில் ஊத விடுகிறார்கள். அது தவிர, ராணுவத்திலிருந்து திரும்பியவர்களுக்குப் பயிற்சிச் செலவு கொடுக்க ஒரு அறக்கட்டளையும் இருக்கிறது, என்எஃப்எல் நடுவர்களுக்குத் தலைவராக இருந்த மைக் பெரைரா ஆரம்பித்தது. ராணுவத்தில் இருந்தவரிடம் யாரும் சுலபத்தில் கத்த மாட்டார்கள் என்ற கணக்கும் அதில் இருக்கும் போல.

பிட்ஸ்பர்க்கார்:

இவ்வளவு பேசுகிறோம், நடுவர்களே ஒன்றுசேர்ந்து சம்பளம் கேட்டால் என்ன என்று யாரும் கேட்கவில்லை. கேட்டார்கள். எங்கள் பக்கம்தான், மேற்கு பென்சில்வேனியாவில் லக்ராஸ் விளையாட்டின் நடுவர்கள் யூனியன் அமைக்க முயன்றார்கள். மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கம் எதிர்த்தது, இவர்கள் ஊழியர்கள் இல்லை, சுயேச்சை ஒப்பந்தக்காரர்கள் என்று. 2017-ல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் நடுவர்கள் பக்கம் நின்றது, ஊழியர்கள்தான் என்றது. 2019-ல் வாஷிங்டன் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. மேட்சுக்கு மேட்ச்தான் வேலை, சீசன் குறுகியது, களத்தில் அவர்களை யாரும் மேற்பார்க்கவில்லை என்பது மாதிரி காரணங்கள். யூனியன் கதை அதோடு முடிந்தது.

சுயேச்சை ஒப்பந்தக்காரர் என்றால் இன்னொரு சிக்கலும் உண்டு. பத்து நடுவர்கள் கூடி "இந்த விலைக்குக் கீழே வர மாட்டோம்" என்றால் அது வியாபாரிகள் கூடி விலை வைத்த மாதிரி, போட்டிச் சட்டம் பாயலாம். தனித்தனியாக "அன்றைக்கு எனக்கு வேலை இருக்கிறது" என்று சொல்லலாம், அவ்வளவுதான். இப்போது நாடு முழுக்க நடப்பது அதுதானே. வேலைநிறுத்தம் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, ஆளாளுக்கு நாட்களை பிளாக் பண்ணிவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் ஃபீஸைப் பற்றிப் பேசப் பெற்றோரை விட்டால் ஆளில்லை. அதுவும் பெற்றோர் யாரும் பேசுவதில்லை, டல்லாஸ்காரன் கேட்பதைப் பார்த்ததும் எனக்கே ஆச்சரியம்.

ராலே அக்கா:

அதோடு அமெரிக்க சாக்கர் கூட்டமைப்பு 2025 மார்ச்சிலிருந்து நடுவரைத் திட்டினால், தொட்டால் எவ்வளவு நாள் தடை என்று ஒரு கொள்கை கொண்டுவந்திருக்கிறது. பெற்றோருக்கும் பொருந்தும். அது கிளப் சாக்கருக்குத்தான், ஹைஸ்கூலுக்கு இல்லை. ஆனால் அந்த மாதிரி ஒரு பக்கத்தை அச்சடித்து, சீசன் ஆரம்பத்தில் பெற்றோர் கையெழுத்துப் போடும் படிவங்களோடு சேர்க்கச் சொல்லுங்கள்.

டல்லாஸ்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மணிக்கு 10 டாலர் என்று மனைவியிடம் சொன்னேன், "அந்த நேரத்துக்கு நீங்கள் வீட்டில் இல்லாததற்கு நான் அதைவிட அதிகமாகவே தருகிறேன், போய்ட்டு வாங்க" என்றாள். அனுமதி என்றே எடுத்துக்கொண்டேன்.

கூட்டத்துக்கு இப்படிப் போகிறேன்: மாலைக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை, பயணப்படி தனியாக, பணம் பத்து நாளுக்குள், ஜேவி மேட்சுக்குப் பள்ளி சார்பில் ஒருவர் கட்டாயம். ஃபீஸை எத்தனை சதவீதம் ஏற்றுவது என்பதை அவர்களே சொல்லட்டும், விசில்காரன் போட்ட கணக்கை மட்டும் திரையில் காட்டிவிடுகிறேன். புது நடுவர்களின் யூனிஃபார்ம் செலவை சங்கக் கிளை வழியாகக் கொடுப்பதையும் கேட்கிறேன், ஆனால் நானே இந்த வருஷம் சேருவதால் அந்தப் பேச்சு வரும்போது வெளியே எழுந்து போய்விடுகிறேன், இல்லையென்றால் எனக்காகக் கேட்கிறேன் என்பார்கள்.

எச்-1பி நண்பனுக்குச் சொல்லிவிட்டேன், கொஞ்சம் வருத்தம்தான். அவன் மனைவிக்கு ஈஏடி இருக்கிறது, திருச்சியில் யூனிவர்சிட்டி டீமில் ஆடியவராம், அவர் எங்கள் இருவரையும்விட வேகமாகப் பதிவு செய்துவிட்டார். இனி ஒரு உதவி: விசில்காரன், உங்கள் கிளையில் யாரிடமாவது பழைய யூனிஃபார்ம் இருக்குமா? எனக்கு எக்ஸ்எல், அவருக்கு மீடியம்.

விசில்காரன்:

சட்டை இரண்டும் இருக்கிறது, தனிச் செய்தியில் முகவரி அனுப்புங்கள். ஷூ மட்டும் புதிதாக வாங்குங்கள், அதில் மிச்சம் பிடித்தால் அக்டோபரில் முட்டி பேசும்.